இறக்கிய மஸில் காரில் சஸ்பென்ஷன் கோளாறு: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

மஸ்டாங், கமாரோ, சேலஞ்சர் மாதிரியான மஸில் கார்களை ஒன்றரை அங்குலம் இறக்கினால் பார்க்க அழகாகவே இருக்கும். தினமும் வேலைக்கு ஓட்டிப்போகும் வண்டி என்றால் அந்த அழகோடு சில தொல்லைகளும் வந்து சேரும். பள்ளத்தில் இடிக்கும், டயரின் உள்விளிம்பு தேயும், நெடுஞ்சாலையில் அதிரும், புறப்படும்போது பின்சக்கரம் குதிக்கும். தொல்லை தொடங்கியதும் பலரும் அடுத்த பாகத்தை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். அது சரியாக அமைந்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் இன்னொரு பாகம்.

வண்டியை இறக்கும்போது இரண்டு விஷயங்களை இழக்கிறோம். ஒன்று, சக்கரம் மேலே எழும்புவதற்கு இருந்த இடம், அதாவது அதன் பயணம். மற்றொன்று, கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தையோ ஆக்ஸிலையோ உடலோடு இணைக்கும் கை), டை ராடு (ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு), பேன்ஹார்ட் பார் (பின் ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தண்டு) எல்லாம் நின்றிருந்த கோணம். கீழே சொல்லப்போகும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றிலிருந்து வருபவை. எது என்று கண்டுபிடித்துவிட்டால் எந்தப் பாகம் வேண்டும் என்பது தானாகத் தெரியும். பல சமயம் பாகமே வேண்டியிருக்காது.

எதையும் கழற்றுவதற்கு முன்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுபவரின் எடைக்கு ஈடான சுமையை அவர் இருக்கையில் வையுங்கள். சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் உயரமும் காற்றும் கணக்கைக் குழப்பிவிடும். இடதுக்கும் வலதுக்கும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. 10 மி.மீ.க்கு மேல் போனால் ஸ்பிரிங்கின் நுனி அதன் இருக்கையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ஷாக்கின் தண்டு. தண்டைச் சுற்றி ஒரு சின்ன பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கி, அதை ஷாக்கின் உடலோடு ஒட்டினாற்போல் தள்ளி வையுங்கள். வழக்கமான பாதையில் ஒரு நாள் ஓட்டிவிட்டுத் திரும்பப் பாருங்கள். தண்டு எவ்வளவு உள்ளே போனது என்பதை டை காட்டிவிடும். சாலையில் உண்மையில் எவ்வளவு பயணம் செலவாகிறது என்பதை இவ்வளவு மலிவாகக் காட்டும் கருவி வேறில்லை.

அப்புறம், எல்லாரும் மறக்கும் ஒன்று: புஷ் (ஆர்மின் முனையில் இருக்கும் ரப்பர் உறை) போல்ட்டுகளை எந்த நிலையில் முறுக்கினார்கள் என்பது. தொழிற்சாலை ரப்பர் புஷ், போல்ட்டைச் சுற்றி வழுக்கிச் சுழல்வதில்லை. உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு ரப்பர் ஒட்டியிருக்கும். ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான் ஆர்ம் அசைகிறது. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது போல்ட்டை இறுக்கிவிட்டு வண்டியைக் கீழே இறக்கினால், நிற்கும் நிலையிலேயே ரப்பர் முறுகிப்போய் நிற்கும். வண்டி எதிர்பார்த்த அளவுக்கு இறங்காது, ஓட்டம் கடினமாக இருக்கும், சில மாதங்களில் புஷ் கிழியும். சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றி, கன்ட்ரோல் ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியை நாலு முறை அமுக்கி விட்டு, எடை சக்கரத்தில் இருக்கும்போதே டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். வண்டியை இறக்கியது எந்தக் கடையாக இருந்தாலும் இதை ஒருமுறை செய்துவிட்டு மேலே போவது நல்லது. செலவு எதுவும் இல்லை, பாதிப் புகார்கள் இங்கேயே அடங்கிவிடுவதும் உண்டு.

பள்ளத்தில் ‘டம்’ என்று இடிக்கிறது

இறக்கிய வண்டியின் தலையாய புகார் இதுதான். சக்கரம் பயணத்தின் எல்லையைத் தொட்டு, அங்கே அதை நிறுத்தும் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் மோதுகிறது. ஒன்றரை அங்குலம் இறக்கினால் மேல்நோக்கிய பயணத்தில் கிட்டத்தட்ட 38 மி.மீ. போய்விட்டது என்று பொருள். கடினமான ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம்.

ஸ்பிரிங் விழுங்கும் ஆற்றல், பயணத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முன்பு 90 மி.மீ. பயணம் இருந்தது, இப்போது 50 மி.மீ. மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். அதே மேட்டை ஸ்பிரிங்கை மட்டும் வைத்துச் சமாளிக்க வேண்டுமானால் அதன் கடினம் 3 மடங்குக்கும் மேல் ஆக வேண்டும். தினமும் ஓட்டும் வண்டியில் அப்படி ஒரு ஸ்பிரிங்கைப் போட்டால் முதுகு தாங்காது. கடைகளில் விற்கும் லோயரிங் ஸ்பிரிங்குகள் அந்த அளவுக்குக் கடினமானவை அல்ல. மீதியை பம்ப் ஸ்டாப் தாங்கும் என்பதுதான் அவற்றின் வடிவமைப்பிலேயே உள்ள எதிர்பார்ப்பு.

ஆகவே பம்ப் ஸ்டாப்பை ஸ்பிரிங்கின் இரண்டாம் பாதியாக நினைத்துக்கொள்ளுங்கள். நுண்குமிழிகள் உள்ள பாலியூரித்தேன் ஸ்டாப் முதலில் மெதுவாக அமுங்கி, போகப்போக இறுகும். பழைய கட்டி ரப்பர் ஸ்டாப் தொட்டவுடனேயே சுவர் போல நிறுத்தும். கேபிள் டையைப் பாருங்கள். அது ஸ்டாப் இருக்கும் இடத்தைத் தினமும் தொடுகிறது, ஆனால் இடி சத்தம் இல்லை என்றால் ஸ்டாப் தன் வேலையைச் செய்கிறது. தொட்ட இடத்தில் இடியும் கேட்டால் ஸ்டாப் நொறுங்கியிருக்கலாம், இறக்கும்போது யாரோ அதை வெட்டி எறிந்திருக்கலாம், அல்லது அது தொடுவதற்கு முன்பே ஷாக்கின் பிஸ்டன் உள்ளே அடிமட்டத்தைத் தொடுகிறது.

கடைசியாகச் சொன்னது ஆபத்தானது. உயரம் குறைந்த பிறகும் தொழிற்சாலை ஷாக்கையே விட்டுவைத்தால், அதன் பிஸ்டன் எப்போதும் அடிப்பகுதியில்தான் வேலை செய்யும். நிச்சயப்படுத்த ஒரே வழி, பின்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சட்டத்தை ஜாக் ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, ஆக்ஸிலை மட்டும் ஜாக்கியால் மெதுவாக மேலே கொண்டுபோய் ஸ்டாப் நன்றாக அமுங்கும்வரை பார்ப்பது. அந்த நிலையிலும் ஷாக்கின் தண்டில் கொஞ்சம் மிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உடல் குட்டையான ஷாக் தேவை. ஆக்ஸில் மேலே இருக்கும்போதே எக்ஸாஸ்ட் குழாய், பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், ஃபெண்டர் உதடு எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். ஆக்ஸிலுக்கு மேலே வளைந்து போகும் எக்ஸாஸ்ட் குழாய் தரைத்தகட்டில் மோதும் சத்தமும் பம்ப் ஸ்டாப் இடி மாதிரியே கேட்கும்.

1964 முதல் 1972 வரையிலான ஜிஎம் ஏ-பாடி கார்கள் (ஷெவல், ஜிடிஓ வகைகள்), ஸ்பிரிங்கை வெட்டி இறக்கப்பட்ட நிலையில் நிறைய கைமாறுகின்றன. வெட்டிய ஸ்பிரிங்கின் கடினம் கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது அது இருக்கையில் தளர்ந்து ஆடினால் அந்த வண்டியை ஓட்டக்கூடாது. நெருப்பில் சூடாக்கி இறக்கிய ஸ்பிரிங்கைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை, உடனே மாற்றிவிடுங்கள்.

பழைய கிறைஸ்லர் வண்டிகளில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில், முறுகித் தாங்கும் தண்டான டார்ஷன் பார் இருக்கும். 1957-இல் வந்த ஏற்பாடு இது. ஒரு போல்ட்டைத் திருகினாலே உயரம் மாறும் என்பதால், வெறும் திருகலிலேயே இறக்கிவிடுகிறார்கள். பாரின் கடினம் அதேதான், பயணம் மட்டும் போய்விட்டது, ஸ்டாப்பிலேயே உட்கார்ந்து ஓடுகிறது. தடிமனான பார் போட்டால்தான் அந்த உயரத்தில் ஓட்ட முடியும்.

எல்லாம் பார்த்தும் இடி நிற்கவில்லையா? 10 முதல் 15 மி.மீ. வரை உயர்த்திப் பாருங்கள். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, பயணத்தில் அந்த அளவு மிகப் பெரியது. தினமும் ஓட்டும் வண்டிக்கு ஓர் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலம் வரை இறக்குவதே போதும் என்பது என் கருத்து. அதற்குக் கீழே போகிறவர்கள் ஷாக், ஸ்டாப், ஆர்ம் அனைத்தையும் சேர்த்து மாற்றத் தயாராக இருக்க வேண்டும்.

இடிப்பதில்லை, ஆனால் துள்ளல் நிற்பதில்லை

ஒரு மேட்டைத் தாண்டிய பிறகு வண்டி மேலும் கீழும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஆடினால் ஷாக் பலவீனம். கடினமான ஸ்பிரிங்கை அடக்கக் கூடுதல் தணிப்பு வேண்டும். ஸ்பிரிங் 30 சதவீதம் கடினமானால் தணிப்பு சுமார் 14 சதவீதம் கூட வேண்டும். புது ஸ்பிரிங்கையும் தேய்ந்த பழைய ஷாக்கையும் சேர்த்துப் போட்டால் துள்ளல் நிச்சயம்.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. சரிசெய்யக்கூடிய ஷாக் வாங்கி, ரீபவுண்டை (அமுங்கிய ஷாக் மீண்டும் நீளும்போது தரும் தணிப்பை) முழுக்க இறுக்கிவிடுவார்கள். தொடர்ச்சியான சின்ன மேடுகளில் ஸ்பிரிங் அமுங்கும், மீண்டு வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும், வண்டி படிப்படியாக இறங்கி ஸ்டாப்பில் போய் உட்காரும். ஓட்டுபவருக்கு இது ஸ்பிரிங் கடினமாக இருப்பது போலத் தெரியும். ஆகவே நடு அளவிலிருந்து தொடங்கி, ஒரே ஒரு கிளிக் மாற்றி, அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். ஒரே நேரத்தில் முன்னும் பின்னும் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும்.

நெடுஞ்சாலைக் கான்கிரீட் இணைப்புகளில் மூக்கும் வாலும் மாறிமாறி ஆடுவது வேறு கதை. முன் ஸ்பிரிங்கை மட்டும் கடினமாக்கியவர்களுக்கு இது வரும். மேடு முதலில் முன்சக்கரத்துக்கு, சற்றுப் பிந்திப் பின்சக்கரத்துக்கு வருகிறது. பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால்தான் இரண்டும் ஒன்றுசேர்ந்து வண்டி சமமாக எழுந்து இறங்கும். 1930-களில் காடிலாக்கில் வேலை செய்த மாரிஸ் ஓலி வகுத்த விதி இது, இன்றும் செல்லும். ஸ்பிரிங்கை நான்காகச் சேர்த்தே வாங்குவதற்குக் காரணம் இதுதான்.

இறக்கியும் வளைவில் முன்பைவிட அதிகம் சாய்கிறது

கேட்க விசித்திரமாக இருந்தாலும், மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தின் மேல்பக்கத்தைப் பிடிக்கும் அமைப்பு) உள்ள வண்டிகளில் இது அடிக்கடி நடப்பது. 2005 முதலான மஸ்டாங்கின் முன்பக்கம் இந்த வகை. தாழ்த்தும்போது வண்டியின் ஈர்ப்பு மையம் இறங்குகிறது, சாய்வின் அச்சுப்புள்ளியான ரோல் சென்டரோ அதைவிட வேகமாக இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடியதால் சாய்க்கும் நெம்புகோல் நீண்டுவிட்டது.

எதிரே குனிந்து கீழ் ஆர்மைப் பாருங்கள். உள்முனையைவிட வெளிமுனை மேலே தூக்கிக்கொண்டு நின்றால் நோய் இதுவே. ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டை நீளமான தண்டு உள்ளதாகப் போட்டால் ஆர்மின் வெளிமுனை கீழே இறங்கிப் பழைய கோணத்துக்கு வரும். அப்படிச் செய்யும்போது டை ராடு கோணத்தையும் சேர்த்துச் சரிசெய்தாக வேண்டும், அது அடுத்த அறிகுறியில் வருகிறது. இந்தக் கோளாறை மூடி மறைக்கத் தடித்த ஸ்வே பார் (இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் தண்டு) போடுபவர்கள் அதிகம். பார் சாய்வைக் குறைக்கும், கோணம் கோணமாகவே இருக்கும்.

1960-களின் மஸ்டாங்கில் வேறு வழி. அதில் முன்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள், ஸ்பிரிங் மேல் ஆர்மின் மீது உட்காரும். 1965 ஷெல்பி ஜிடி350-இல் மேல் ஆர்மின் உள்முனையைக் கீழே இறக்கிப் பொருத்தினார்கள். சக்கரம் மேலே போகும்போது நல்ல திசையில் கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் தெரியும் சக்கரத்தின் சாய்வு) கூடும், வளைவில் வெளிச்சக்கரம் சாலையைப் பிடித்துக்கொள்ளும். சுமார் ஓர் அங்குலம் கீழே புதுத் துளை போட்டால் போதும் என்பதால் இன்றும் செய்கிறார்கள். அந்த மாடலுக்கு இதைவிடப் பணத்துக்குப் பலன் தரும் வேலை எனக்குத் தெரிந்து இல்லை.

மேட்டில் ஏறும்போது ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது

நேராகப் போகும்போது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால் வண்டி ஒருபக்கம் வெட்டுகிறதா? டை ராடும் கீழ் ஆர்மும் இனி ஒரே வில்லில் அசைவதில்லை. சக்கரம் மேலே போகப்போக டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறுகிறது, அதுதான் பம்ப் ஸ்டீயர். அலைன்மென்ட் மெஷினில் வண்டி நின்றுகொண்டிருப்பதால் அங்கே இது தெரியாது. ஸ்பிரிங் இல்லாமல் சக்கரத்தைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் டோவை அளந்தால்தான் தெரியும். வெளி டை ராடு முனைக்குப் பதில் ராடு எண்டும் (எல்லாத் திசையிலும் அசையும் கோள ஜாயின்ட்) உயரத்தை மாற்றும் வாஷர்களும் உள்ள பம்ப் ஸ்டீயர் கிட் இதற்காகவே விற்கிறார்கள். வாஷரை மாற்றி மாற்றி, ஓடும் உயரத்தைச் சுற்றி ஓர் அங்குலம் மேலும் கீழும் டோ ஏறக்குறைய அசையாமல் நிற்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். கிட்டைப் போட்டுவிட்டு அளக்காமல் விட்டால் போடாததைவிட மோசமாகவும் ஆகலாம்.

மேடே இல்லாத நேர்ச்சாலையில் வண்டி அலைகிறது என்றால் காஸ்டரை (பக்கவாட்டிலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வை) பாருங்கள். மூக்கு மட்டும் கூடுதலாக இறங்கினால் காஸ்டர் குறையும். 107 அங்குல வீல்பேஸ் உள்ள வண்டியில் முன்பக்கம் ஓர் அங்குலம் கூடுதலாக இறங்கினால் அரை டிகிரி போய்விடும். 1960-களின் வண்டிகளுக்கு அக்கால பயஸ்-பிளை டயர்களுக்காக எழுதிய அலைன்மென்ட் அளவுகளை ரேடியல் டயரோடு பயன்படுத்தக் கூடாது. பவர் ஸ்டீயரிங் இருந்தால் 3 முதல் 5 டிகிரி வரை நேர் காஸ்டர் (அச்சின் மேல்முனை பின்னோக்கிச் சாய்வது) வையுங்கள், வண்டியின் நடத்தையே மாறிவிடும்.

டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்கிறது

பழி எப்போதும் கேம்பர் மேல் விழுகிறது, குற்றவாளி பெரும்பாலும் டோ. இறக்கும்போது இரண்டும் மாறுகின்றன. ஒன்றரை டிகிரி வரை எதிர்க் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்வது), டோ சரியாக இருந்தால், தினசரி ஓட்டத்தில் டயரைப் பெரிதாகத் தின்பதில்லை. டோ அப்படியல்ல. 26 அங்குல விட்டமுள்ள டயர்களில் மொத்த டோ-அவுட் (சக்கரங்களின் முன்பகுதி வெளியே விரிவது) ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு இருந்தாலே, ஒவ்வொரு டயரும் மைலுக்குச் சுமார் 13 அடி பக்கவாட்டில் இழுபடுகிறது. அதோடு எதிர்க் கேம்பரும் சேரும்போது அந்த இழுபறி முழுதும் உள்விளிம்பில் விழுகிறது.

உள்ளங்கையை டயரின் மீது குறுக்கே வெளியிலிருந்து உள்ளே, அப்புறம் உள்ளிருந்து வெளியே தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பும் மறு திசையில் கூர்மையும் தெரிந்தால் டோ. ஒரே சீராகச் சரிந்து தேய்ந்திருந்தால் கேம்பர். உள்விளிம்பில் கம்பி தெரிகிறதா என்று டயரைத் திருப்பிப் பாருங்கள், நின்றபடி பார்த்தால் கண்ணில் படாத இடம் அது.

தினசரி வண்டிக்கு முன்பக்கம் -1 முதல் -1.5 டிகிரி வரை கேம்பர், மொத்த டோ சுழி அல்லது மிகச் சிறிய டோ-இன். தொழிற்சாலைச் சரிசெய்தலுக்குள் இது அடங்கவில்லை என்றால் கேம்பர் பிளேட்டோ கேம்பர் போல்ட்டோ வேண்டும். 2010 கமாரோ, 2015 மஸ்டாங் போலப் பின்பக்கமும் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ளவற்றில் பின் டோவையும் அளக்கச் சொல்லுங்கள், முன்பக்கம் மட்டும் செய்து அனுப்பிவிடுவார்கள். இறக்கிய அன்றே ஒரு அலைன்மென்ட், ஸ்பிரிங் அமர்ந்த பிறகு இன்னொன்று. முதலாவதைத் தள்ளிப்போட்டால் புது டயர் வீணாகும்.

புறப்படும்போது பின்சக்கரம் குதிக்கிறது

இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே இறுகிய ஆக்ஸில் இணைக்கும் வண்டிகளில் கீழ் கன்ட்ரோல் ஆர்மின் முன்முனை உடலோடும் பின்முனை ஆக்ஸிலோடும் பொருந்தியிருக்கும். உடல் இறங்கும்போது முன்முனையும் கூடவே இறங்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முன்முனை பின்முனையைவிடத் தாழ்ந்து நிற்கும். அந்தக் கோணத்தில் ஆக்ஸிலின் தள்ளுவிசை டயரைச் சாலையில் அழுத்த உதவாது. பிடிப்பு விடும், பிடிக்கும், விடும். அந்தக் குதிப்பு ஆக்ஸில் தண்டையே முறித்துவிடக்கூடியது, ஆகவே குதிக்கத் தொடங்கியதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

பின்முனையை ஆக்ஸிலில் கீழே இறக்கிப் பொருத்தும் ரீலொகேஷன் பிராக்கெட்டே இதற்கு மருந்து. ஆர்ம் தரைக்கு இணையாகவோ, முன்முனை சற்று உயர்ந்தோ நிற்கும்படி துளையைத் தேர்ந்தெடுங்கள். ஆர்மையே மாற்றிவிட்டுப் பிராக்கெட்டை விட்டுவிட்டால் பாதி வேலைதான். தனித்தனி சஸ்பென்ஷன் வண்டிகளில் சப்ஃப்ரேமை (பின் சஸ்பென்ஷனைச் சுமக்கும் துணைச்சட்டத்தை) தாங்கும் மென்மையான புஷ்களிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

லீஃப் ஸ்பிரிங் (பட்டைத் தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்) வண்டிகளில் பினியன் (டிரைவ் ஷாஃப்ட் வந்து இணையும், டிஃபரென்ஷியலின் பல்சக்கரத் தண்டு) முறுக்கத்தில் ஸ்பிரிங் எஸ் வடிவத்தில் வளைந்து விடுபடுகிறது. இறக்குவதற்காக ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே வைத்த கட்டை அந்த நெம்புகோலை இன்னும் நீட்டிவிடும். உயரமான ஒரே கட்டையைவிட, வளைவு குறைந்த லீஃப் செட் வாங்குவதே நல்லது. கட்டைமேல் கட்டை ஒருபோதும் வேண்டாம். யூ-போல்ட்டுகளைக் கொஞ்சம் ஓட்டிய பிறகு மீண்டும் இறுக்க மறக்காதீர்கள்.

நெடுஞ்சாலை வேகத்தில் அதிர்வு

எவ்வளவு வேகமாக அதிர்கிறது என்பதே இங்கே துப்பு. டயரின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர், ஆக்ஸில் விகிதம் (சக்கரம் ஒருமுறை சுழல டிரைவ் ஷாஃப்ட் எத்தனை முறை சுழல்கிறது என்பது) 3.55 என்று கொண்டால், மணிக்கு 60 மைல் வேகத்தில் சக்கரம் நொடிக்கு சுமார் 13 முறையும் டிரைவ் ஷாஃப்ட் சுமார் 45 முறையும் சுழலும். 13 என்பது ஸ்டீயரிங்கில் ஆட்டமாக உணரப்படும். டயர் பாலன்ஸ், வளைந்த வீல் பாருங்கள். 45 என்பது இருக்கையிலும் தரையிலும் நடுக்கமாக வரும், ஷாஃப்டின் பாலன்ஸ். ஷாஃப்டின் முனைகளில் உள்ள யூ-ஜாயின்ட்டுகளின் கோணம் தப்பியிருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதிரும், அதாவது நொடிக்கு 90. அது உறுமலாகக் காதில் விழும்.

அதிரும் வேகத்தில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். அதிர்வு தொடர்ந்தால் எஞ்சின் இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் அதிர்வு மாறினால் பினியன் கோணத்தைச் சந்தேகியுங்கள். அதை அளக்க வண்டியின் எடை ஆக்ஸிலின் மீது இருக்க வேண்டும். லிஃப்டில் ஆக்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும்போது எடுத்த அளவு பயனற்றது. நிற்கும்போது, கியர்பாக்ஸின் வெளித்தண்டுக்கு இணையான கோணத்தைவிடப் பினியன் ஒன்றிரண்டு டிகிரி மூக்கைத் தாழ்த்தி நின்றால், ஓடும்போது இரண்டும் இணையாகிவிடும். பின் ஆக்ஸிலை மூன்று லிங்க் (ஆர்ம்கள்) பிடித்திருக்கும் 2005–2014 மஸ்டாங்கில் நீளம் மாற்றக்கூடிய மேல் ஆர்மால் இதைச் செய்யலாம். அந்த மேல் ஆர்மில் இரும்புக் கோள ஜாயின்ட் போட்டால் டிஃபரென்ஷியலின் முனகல் முழுதும் கேபினுக்குள் வந்துவிடும். தினசரி வண்டிக்கு அங்கே ரப்பரே இருக்கட்டும்.

பின் டயர் ஒரு பக்கம் மட்டும் உரசுகிறது

பேன்ஹார்ட் பாரின் ஒரு முனை உடலிலும் மறுமுனை ஆக்ஸிலிலும் இருக்கிறது. உடல் இறங்க இறங்கப் பார் கிடைமட்டமாகிறது, குறுக்கே நீளம் கூடுகிறது, ஆக்ஸில் ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறது. ஆக்ஸில் 3 மி.மீ. நகர்ந்தால் இரண்டு பக்க இடைவெளியின் வித்தியாசம் 6 மி.மீ. நீளம் மாற்றக்கூடிய பார் ஒன்று போட்டு நடுவில் கொண்டுவாருங்கள். அளக்கும்போது ஃபெண்டரை நம்பாதீர்கள், அதுவே சில மி.மீ. கோணலாக இருக்கும். சட்டத்திலிருந்து அளவு எடுங்கள்.

சத்தங்கள்

மெதுவான வேகத்தில் ஒற்றைத் ‘டொக்’: ஸ்வே பார் லிங்க், ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட், பேன்ஹார்ட் போல்ட். ஒருவர் வண்டியை ஆட்ட, மற்றவர் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் கைவைத்துப் பார்த்தால் துடிப்பு விரலில் தெரியும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ‘டொயிங்’ என்று வந்தால் ஸ்பிரிங் மேல் தாங்கியோடு சுழலாமல் முறுகி விடுபடுகிறது. ‘கிரீச்’ பாலியூரித்தேன் புஷ்ஷிலிருந்து வருவது, சிலிகான் அடிப்படையிலான கிரீஸ் போட வேண்டும். ஸ்ட்ரட்டின் மேல் நட்டை ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்காமல் தளர்த்தவே கூடாது. உயிர் போகும் வேலை அது.

ஈரச் சாலையில் வால் வீசுகிறது

ஸ்வே பாரின் கடினம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 22 மி.மீ.க்குப் பதில் 25 மி.மீ. போட்டால் 67 சதவீதம் கூடுதல். பின்பக்கத்தில் அப்படிக் கூட்டினால் வளைவில் உள்சக்கரம் எடையை இழந்து வழுக்கும். பின் பாரை மெலிதாக்குங்கள், அல்லது ஒரு வாரம் கழற்றி வைத்து ஓட்டிப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

பாரை மாற்றாமலே இப்படி ஆனால், ஏ-பாடி வகை நான்கு லிங்க் வண்டியில் எல்லா முனையிலும் கடின பாலியூரித்தேன் புஷ் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அதன் மேல் ஆர்ம்கள் கோணலாக நிற்பவை, வண்டி சாயும்போது புஷ்கள் சுழல்வதோடு முறுகவும் வேண்டும். கடினமான புஷ் முறுகாது. சஸ்பென்ஷன் கவ்விப் பிடித்து, திடீரென்று பிடி விடும். ஆர்மின் ஒரு முனையிலாவது ரப்பரோ கோள ஜாயின்ட்டோ இருக்க வேண்டும்.

எச்சரிக்கை விளக்கு, ஹெட்லைட்

மின்னணு ஷாக் உள்ள வண்டிகளில் அதைக் கழற்றிச் சாதாரண ஷாக் போட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியும், அதற்கென்று விற்கும் ரெசிஸ்டர் முனை வேண்டும். அலைன்மென்ட்டுக்குப் பிறகு ஸ்டீயரிங் கோண சென்சாரை மறு அமைவு செய்யாவிட்டால் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் காரணமின்றித் தலையிடும். வண்டியின் சாய்வு மாறியதால் ஹெட்லைட்டின் குறியும் மாறியிருக்கும். இரவில் சமதளத்தில் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி, டிக்கியில் வழக்கமான சுமையோடு குறியைத் திருத்திவிடுங்கள்.